புழுவின் பெயரைக் கேட்டுவிட்டு மருந்தைக் கேட்கலாம்

விதை நெல் வாங்கப் போகிற விவசாயி "நெல் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பதில்லை. குறுவைக்கு எது, சம்பாவுக்கு எது, மேட்டுக்கு எது, தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு எது என்று யோசித்து, ரகத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். மாட்டுச் சந்தையிலும் அப்படியே. காங்கேயமா, உம்பளச்சேரியா, புலிக்குளமா என்று தெரியாமல் யாரும் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவதில்லை. ஆனால் அதே விவசாயி பூச்சிமருந்துக் கடைக்குப் போனால், "புழு விழுந்திருக்கிறது, ஏதாவது நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்கிறார். எந்தப் புழு என்று கடைக்காரரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த ஒரு பழக்கத்தால் சிறு விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. பொறி வைத்தும் பூச்சி விழவில்லை, வைரஸ் கரைசல் தெளித்தும் புழு சாகவில்லை, மருந்து அடித்தும் குருத்து போய்விட்டது என்று அங்கலாய்க்கிறவர்களின் வயலைப் போய்ப் பார்த்தால், பல இடங்களில் பொறியிலும் குற்றமில்லை, மருந்திலும் குற்றமில்லை. ஒரு புழுவுக்கு உரிய வைத்தியத்தை இன்னொரு புழுவுக்குச் செய்ததுதான் குற்றம்.

பூச்சிகளை வகைப்படுத்துவது படித்தவர்களின் பொழுதுபோக்கு, உழுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஸ்போடாப்டிரா என்ற ஒரே ஒரு அந்துப்பூச்சிப் பேரினத்தை எடுத்துக்கொண்டால் போதும், வகைப்பாடு என்பது வரப்பு வரை வருகிற விஷயம் என்பது விளங்கிவிடும்.

ஒரு வீடு, பல பிள்ளைகள்

பூச்சிக்கு அறிஞர்கள் வைக்கும் பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது வீட்டுப் பெயர் மாதிரி. அதைப் பேரினம் என்பார்கள். இரண்டாவது அந்த வீட்டுப் பிள்ளையின் சொந்தப் பெயர். அது சிற்றினம். ஸ்போடாப்டிரா என்பது வீட்டுப் பெயர். 1852-ல் பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் கெனே இந்தப் பெயரை வைத்தார். உலகம் முழுவதும் இந்த வீட்டில் சுமார் 30 பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் வெப்பம் மிகுந்த நாடுகளில் வாழ்பவை. 2002-ல் அமெரிக்க அறிஞர் மைக்கேல் போக் இவை எல்லாவற்றையும் ஒருசேர ஆராய்ந்து வரிசைப்படுத்தி வெளியிட்டார்.

இந்த 30-ல் தமிழக விவசாயி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று, லிட்டுரா. நிலக்கடலை, பருத்தி, மிளகாய், ஆமணக்கு, புகையிலை, உளுந்து என்று நூற்றுக்கு மேற்பட்ட செடிகளைத் தின்பது. புகையிலைப் புழு, வெட்டுப்புழு என்றெல்லாம் அழைக்கப்படுவது.

இரண்டு, எக்சிகுவா. வெங்காயம், மிளகாய், கீரை ஆகியவற்றில் விழும் பச்சை நிறப் புழு.

மூன்று, மௌரிஷியா. நெல் நாற்றங்காலில் இரவோடு இரவாகக் கூட்டமாக வந்து, மாடு மேய்ந்தது போல் நாற்றை மொட்டையடிப்பது.

நான்கு, புருஜிபெர்டா. 2018 முதல் மக்காச்சோளக் குருத்தைக் குடைந்துவரும் படைப்புழு.

பெயர்க் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. நெல்லில் வரும் மௌரிஷியாவையும் தமிழில் படைப்புழு என்றுதான் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். மக்காச்சோளத்தில் வந்த புதுப் புழுவுக்கும் அதே பெயர் வைக்கப்பட்டது. முற்றும் நெற்கதிரை வெட்டிச் சாய்க்கும் புழுவையும் சில ஊர்களில் படைப்புழு என்பார்கள். அதுவோ ஸ்போடாப்டிரா வீட்டைச் சேர்ந்ததே அல்ல. மூன்று பூச்சிகளுக்கு ஒரே பெயர் இருந்தால், ஒன்றுக்குச் சொன்ன யோசனை மற்றதன் தலையில் விழுவதில் வியப்பென்ன?

பழைய பெயர் இன்னும் போகவில்லை

லிட்டுராவின் கதை இன்னும் சுவையானது. இதற்கு 1775-ல் பெயரிட்டவர் டென்மார்க் நாட்டு அறிஞர் பாப்ரிசியஸ். பிற்பாடு நெடுங்காலம் இதை 'புரோடீனியா' என்ற வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். அறிஞர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் கிராமங்களில் வயதான விவசாயிகள் இன்றைக்கும் 'புரோடீனியா புழு' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே விவசாயிக்கு விஞ்ஞானப் பெயர் வாயில் நுழையாது என்ற பேச்சு எடுபடாது. ஒரு தலைமுறைக்கு முன் சொல்லிக் கொடுத்தார்கள், அது நின்றுவிட்டது. இன்றும் சொல்லிக் கொடுத்தால் நிற்கும்.

இந்தக் குழப்பம் பாமரர்களுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். எகிப்து நாட்டுப் பருத்தியைப் பாழாக்கும் அந்துப்பூச்சியையும், இந்தியாவின் நிலக்கடலையைத் தின்னும் அந்துப்பூச்சியையும் ஒரே பூச்சி என்றுதான் அறிஞர்களும் வெகுகாலம் எழுதி வந்தார்கள். இரண்டின் இறக்கையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 1960-களின் தொடக்கத்தில் பியர் வியேட் என்ற பிரெஞ்சு அறிஞர் பூச்சியின் உள்ளுறுப்புகளை ஒப்பிட்டு, இவை இரண்டு வெவ்வேறு சிற்றினங்கள் என்று தெளிவுபடுத்தினார். எகிப்தில் இருப்பது லிட்டோராலிஸ். இது ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோர நாடுகள், மேற்கு ஆசியாவின் சில பகுதிகள் ஆகியவற்றில் உள்ளது. இந்தியாவில் இருப்பது லிட்டுரா. இது தெற்கு ஆசியாவிலிருந்து கிழக்கே ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவியுள்ளது.

இதன் விளைவு என்ன? 1960-களுக்கு முந்திய வெளிநாட்டு நூல்களில் 'புரோடீனியா லிட்டுரா' என்று எழுதியிருந்தால், எந்த நாட்டு வயலில் பார்த்து எழுதியது என்று கேட்காமல் அதை நம்ப முடியாது. எகிப்துப் பூச்சியின் மீது கண்டதை இந்தியப் பூச்சிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் தவறு நேரலாம். அறிஞர்களே ஒரு பெயரில் இரண்டு பூச்சிகளை அடக்கித் தடுமாறியிருக்கும்போது, 'புழு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குகிற விவசாயி எவ்வளவு தடுமாறுவார்!

எல்லை தாண்டி வந்தது

எந்தப் பூச்சி எந்த நாட்டில் இருக்கிறது என்ற கணக்கும் வெறும் பூகோளப் பாடம் அல்ல. மக்காச்சோளப் படைப்புழுவான புருஜிபெர்டாவுக்கு 1797-லேயே பெயரிட்டுவிட்டார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது அமெரிக்கக் கண்டத்துக் கவலையாக மட்டுமே இருந்தது. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2018 மே மாதம், கர்நாடக மாநிலம் சிவமொக்கா பகுதி மக்காச்சோள வயல்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே தமிழகத்துக்கும், கடல் தாண்டி இலங்கைக்கும் போய்விட்டது. 2019 தொடக்கத்தில் சீனாவுக்கும் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் உண்டு. இதன் தாய் அந்துப்பூச்சி ஓர் இரவில் காற்றோடு சேர்ந்து 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. ஒரு தாய் 1,500 முட்டைகளுக்குமேல் இடும். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். 350-க்கும் மேற்பட்ட செடிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்தப் பூச்சிக்குக் குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் குணம் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கடுங்குளிர் வந்தால் மடிந்துபோகும். புளோரிடா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் தென்கோடியில் மட்டும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆண்டுதோறும் மறுபடி வடக்கே பறந்து போகும். அங்குள்ள விவசாயிக்குக் குளிர்காலமே ஒரு காவல்காரன். தமிழகத்தில் அந்தக் காவல்காரன் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பம், ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் ஊரில் மக்காச்சோளம் அல்லது சோளம். ஆகவே அமெரிக்காவில் செய்வதை அப்படியே இங்கே செய்வதும் பொருந்தாது. பூச்சியின் பெயரோடு அது வாழும் இடத்தின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தே பிரிக்கலாம்

இனம் காண்பதற்கு ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. நன்கு வளர்ந்த புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மக்காச்சோளப் படைப்புழுவின் தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல வெளிர்நிறக் கோடு இருக்கும். பின்பக்கம், கடைசிக்கு முந்திய கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவை இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போன்ற எச்சம் அடைத்துக்கொண்டிருக்கும்.

லிட்டுரா புழுவின் உடம்பு வெல்வெட் போல் வழவழப்பாக இருக்கும். தலைக்குச் சற்றுப் பின்னால் உடம்பின் இரு பக்கமும் பெரிய கரும்பொட்டு தெரியும். முட்டையிலிருந்து வந்ததும் குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையின் பச்சையைச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கும். வளர்ந்த பிறகு பகலில் மண் வெடிப்பில் ஒளிந்து இரவில் வெளிவரும்.

எக்சிகுவா புழு பெரும்பாலும் பச்சை நிறம். மற்றவற்றைவிடச் சிறியது. வெங்காயத்தில் தாளைத் துளைத்து உட்குழாய்க்குள் புகுந்து பச்சையைச் சுரண்டும். தாள் வெளுத்துக் காணப்படும்.

மௌரிஷியாவை அதன் நடத்தையே காட்டிக் கொடுத்துவிடும். நாற்றங்காலில் கூட்டமாகத் தோன்றும். ஒரு வயலை முடித்துவிட்டு வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு அணிவகுத்துப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் நான்கைந்து புழுக்களை அதே இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி, அடியில் கொஞ்சம் ஈரமண் போட்டு வைக்கலாம். கூட்டுப்புழுவாகிப் பிறகு அந்துப்பூச்சி வெளிவரும். மக்காச்சோளப் படைப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிக்கு முன்னிறக்கையின் நுனியில் வெள்ளைத் திட்டு இருக்கும். வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டிக் கேட்க இது போதும்.

எது பொது, எது தனி

வகைப்பாட்டின் பயன் இங்கேதான் முழுதாக விளங்கும். வீட்டுப் பெயர் ஒன்றாக இருப்பதால் சில வைத்தியங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. சொந்தப் பெயர் வேறாக இருப்பதால் சில வைத்தியங்கள் ஒன்றுக்கு மட்டுமே உரியவை.

பொதுவானது முதலில். இந்த நான்கும் முட்டையைக் குவியல் குவியலாக இட்டு, தாயின் உடம்பு ரோமத்தால் மூடி வைக்கும். ஆகவே முட்டைக் குவியலைப் பொறுக்கி நசுக்குவது நான்குக்கும் பலன் தரும். நான்கும் பெரும்பாலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். ஆகவே கோடை உழவு நான்கையும் வெயிலுக்கும் காகத்துக்கும் கொக்குக்கும் காட்டிக் கொடுக்கும். டெலினோமஸ் ரீமஸ் என்ற மிகச் சிறிய குளவி இந்த வீட்டுப் பூச்சிகள் பலவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும். மலேசியாவில் முதலில் அறியப்பட்ட இந்தக் குளவியை 1960-களில் பப்புவா நியூகினியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு புருஜிபெர்டாவை அடக்குவதற்காக அமெரிக்கக் கண்டத்துக்கும் கொண்டு போனார்கள். ஆசியப் பூச்சியின் எதிரி அமெரிக்கப் பூச்சிக்கும் எதிரியானது இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால்தான். அந்த உறவு தெரியாதிருந்தால் அந்த யோசனையே தோன்றியிருக்காது.

இனித் தனியானது. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் கவர்ச்சி மருந்து, பெண் பூச்சியின் வாசனையைப் போன்றது. லிட்டுரா பெண்ணின் வாசனை வேறு, புருஜிபெர்டா பெண்ணின் வாசனை வேறு. நிலக்கடலைக்கு வாங்கிய கவர்ச்சி மருந்தை மக்காச்சோளத்தில் வைத்துவிட்டு, பூச்சி விழவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று இருந்துவிட்டால், பயிர் போன பிறகுதான் தெரியும். பூச்சி விழுந்தாலும் எது விழுந்தது என்று பார்க்க வேண்டும். வேறு இனத்து அந்துப்பூச்சிகளும் சில சமயம் பொறியில் சிக்குவதுண்டு.

என்.பி.வி. எனப்படும் வைரஸ் கரைசலும் அப்படியே. லிட்டுராவுக்கு ஒரு வைரஸ், பச்சைக் காய்ப்புழுவுக்கு வேறு வைரஸ், மக்காச்சோளப் படைப்புழுவுக்கு வேறு வைரஸ். காய்ப்புழு வைரஸை லிட்டுராவுக்குத் தெளிப்பது தண்ணீரைத் தெளிப்பதற்குச் சமம்.

செய்முறையும் மாறும். நாற்றங்காலில் மௌரிஷியா வந்தால் தண்ணீரைப் பாய்ச்சி மூழ்கடித்துப் புழுவை மேலே கொண்டுவரலாம். வாத்து மேய்ப்பவர் பக்கத்தில் இருந்தால் வாத்துகளை இறக்கிவிடலாம். மக்காச்சோளத்தில் இது முடியுமா? அங்கே முப்பது நாள் வயதுக்குள் குருத்தில் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து இடுவது பலன் தரும். நிலக்கடலையில் வரப்போரமும் இடையிடையேயும் ஆமணக்கு ஊன்றினால் லிட்டுரா தாய்ப் பூச்சி ஆமணக்கைத் தேடிப் போய் முட்டையிடும். தினம் காலையில் அந்த இலைகளைப் பறித்து அழித்தாலே போதும். மக்காச்சோளப் படைப்புழுவை ஆமணக்கால் அப்படி இழுக்க முடியாது.

"எல்லாவற்றையும் கொல்லும் மருந்து இருக்கிறதே!"

இவ்வளவும் எதற்கு, எந்தப் புழுவானாலும் கொல்லும் மருந்து கடையில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நான்கு புழுக்களையும் கொல்லக்கூடிய மருந்துகள் இருப்பது உண்மைதான். கூலி ஆள் கிடைக்காத காலத்தில் புழுவின் தலையில் கோடு தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று ஒரு விவசாயி கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மருந்து கொல்ல வேண்டுமானால் புழுவின் மேல் பட வேண்டும். மக்காச்சோளத்தில் புழு வளர்ந்து, எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே போன பிறகு, இலைமேல் எவ்வளவு அடித்தாலும் வீண். லிட்டுரா வளர்ந்துவிட்டால் பகலில் மண்ணுக்குள் இருக்கும். உச்சி வெயிலில் அடித்த மருந்து செடியைத்தான் நனைக்கும். ஆகவே மருந்தடிப்பதற்கும் எந்தப் புழு, எத்தனை நாள் வயது, எந்த நேரம் வெளிவரும் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அடிப்பவர் இரண்டு முறை மூன்று முறை அடிக்கிறார். முட்டையை அழிக்கும் குளவி முதலில் சாகிறது. திரும்பத் திரும்ப ஒரே மருந்தைச் சந்திக்கும் புழுவோ அதைத் தாங்கிப் பழகிவிடுகிறது. லிட்டுரா பல மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டது என்பது இந்தியாவில் பல இடங்களில் ஆய்ந்து கண்ட உண்மை.

மருந்துகளும் நிரந்தரமல்ல. லிட்டுராவுக்கு அரிசித் தவிடும் வெல்லமும் கலந்து வைக்கும் நச்சு உணவில் கார்பரில் சேர்க்கும்படி பழைய பிரசுரங்கள் சொல்லும். அந்த மருந்து 2018-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் இன்று வெறுங்கையோடு நிற்கிறார். பூச்சியின் குணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு ஆமணக்கு இருக்கிறது, கோடை உழவு இருக்கிறது, முட்டைப் பொறுக்கல் இருக்கிறது. இவற்றை யாரும் தடை செய்ய முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

பொறுப்பை முழுவதும் விவசாயியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் இந்த நான்கு பூச்சிகளின் புழுவும் அந்துப்பூச்சியும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பெயரோடு இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. கவர்ச்சி மருந்துப் பொட்டலத்தின் மீதும் வைரஸ் கரைசல் புட்டியின் மீதும், எந்தப் பயிரில் வரும் எந்தப் புழுவுக்கு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். துண்டுப் பிரசுரம் எழுதுகிறவர்கள் 'படைப்புழு' என்று மொட்டையாக எழுதாமல், 'மக்காச்சோளப் படைப்புழு', 'நெல் நாற்றங்கால் படைப்புழு' என்று பிரித்து எழுத வேண்டும். மருந்துக் கடைக்காரர் "எந்தப் புழு? கொண்டுவந்தீர்களா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைக்குப் போகும்போது பணத்தோடு ஒரு டப்பாவில் நான்கு புழுக்களையும் எடுத்துப் போக வேண்டும். 2018-ல் மக்காச்சோளத்துக்கு வந்தது கடைசி விருந்தாளி என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஸ்போடாப்டிரா வீட்டில் இன்னும் பல பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நாளை தமிழகத்துக்கு வருமானால், அதை முதலில் பார்க்கப்போகிறவர் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் அல்ல, அதிகாலையில் வயலுக்குப் போகிற ஒரு சிறு விவசாயிதான். பழைய நான்கையும் அடையாளம் தெரிந்த கண்ணுக்குத்தான் ஐந்தாவது புதிது என்று படும்.